இரண்டாவது ஆட்டம்

பதினாறு அணிகள் கலந்துகொள்ளும் நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு ஊர் திரும்பும். நான்கு அணிகளுக்கு இரண்டு ஆட்டம் வாய்க்கும். கடைசிவரை போகிற இரண்டு அணிகள் மட்டும் நான்கு ஆட்டம் ஆடும். சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு தாளில் அட்டவணை வரைந்து, இரண்டே நாளில் முடித்துவிடக்கூடிய இந்த முறையில்தான் நம் பள்ளிக் கால்பந்து நடக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படி ஏறுகிறது. குறைந்த செலவில், குறைந்த நாளில் ஒரு வெற்றியாளரைக் கண்டெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தத் தாளில் எழுத இடமில்லை.

நான் பயிற்சி கொடுப்பது உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு. பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு பிரிவு. ஜூனில் பள்ளி திறந்ததும் ஓட ஆரம்பிப்போம். ஆடி வாக்கில் குறுவட்டப் போட்டி வந்துவிடும். முதல் ஆட்டத்தில் தோற்றால், அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷத்துக் கால்பந்து அதோடு முடிந்தது. மிச்சம் இருக்கும் பத்து மாதமும் அவர்கள் மாலையில் வந்து பந்தை எத்துவார்கள். ஆனால் எதிரே ஆள் இல்லை. தோற்ற பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிற அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

ஆடியில் போட்டி என்றேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி என்றால் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இறங்கி, ஆண்டிபட்டிக் கணவாய்வரை தேனி மாவட்டத்தை வழித்துக்கொண்டு போகும். காற்றாலைக்காரர்களுக்கு நல்ல மாதம். எங்களுக்கு அது தனிப் பாடம். எதிர்க்காற்றில் உயரத் தூக்கி அடித்த பந்து, அடித்தவள் தலைக்கு மேலேயே தயங்கி நின்று இறங்கும். காற்றோடு அடித்தால் கோட்டைத் தாண்டி வாழைத்தோப்புக்குள் விழும். ஆகவே எங்கள் பிள்ளைகள் முதலில் கற்பது தரையோடு தரையாக, உள்பாதத்தால் தள்ளிக் கொடுக்கும் பாஸ்தான். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் எதிர்க்காற்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கால் புதிதாக இருக்கும்போதே கஷ்டத்தைக் கடந்துவிடலாம். களைத்த பிறகு காற்று நம் பக்கம் நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. மூணாறில் 1940-களில் எஸ்டேட் துரைமார் தொடங்கிவைத்த ஃபின்லே கோப்பைக் கால்பந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அணிகளுக்கிடையே இன்றும் நடக்கிறது. அங்கே பனியும் தூறலும். இருந்தாலும் ஒவ்வோர் எஸ்டேட்டும் வருஷம் தவறாமல் ஓர் அணியைக் களத்தில் இறக்குகிறது. தமிழ் பேசும் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பந்து ஆடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய சொந்தக்காரப் பெண்பிள்ளைகளுக்கு அப்படி நிலையான ஒரு கோப்பை இல்லை.

இந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப் பேர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப் வரும். கம்பம் மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறி, காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவார்கள். அம்மா வந்து சேரும்வரை அடுப்பும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் மூத்த பெண்ணின் பொறுப்பு. கால்பந்துப் பயிற்சிக்கு ஏற்ற நேரமும் அதே மாலை நேரம்தான். நான் அணி சேர்க்கப் போன வீடுகளில், "பொம்பளப்பிள்ளைக்கு இந்த ஆட்டம் எதுக்கு" என்று கேட்டவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. 2019-ல் ‘பிகில்’ படம் வந்த பிறகு பெண்கள் பந்து ஆடுவது வீட்டுப் பெரியவர்களுக்கும் பழகிவிட்டது. ஓர் அப்பத்தா திண்ணையில் இருந்தபடியே கேட்டதுதான் எல்லா வீட்டுக் கேள்வியும். "பந்த எத்தட்டும்த்தா, அதுல என்ன இருக்கு. எந்நேரத்துக்கு வீடு வந்து சேரும்னு மட்டும் சொல்லு." நான் நேரம் சொன்னேன். அந்த நேரத்தைக் காப்பாற்றுவதுதான் பயிற்சியாளராக எனக்கு முதல் வேலை. ஒரு நாள் பிந்தினாலும் மறுநாள் அந்தப் பெண் வரமாட்டாள்.

மைதானத்திலும் நேரத்துக்குத்தான் போட்டி. மாலை ஐந்துக்குப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்துவிடுவார்கள். மைதானம் கைவிட்டுப் போனால் ஆட்டம் என்னாகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. அங்கே 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ‘டிக், கெர்’ பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 5-ல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று முடிவெடுத்தது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று அந்தச் சங்கம் ஆணையிடவில்லை. நல்ல மைதானங்களை மட்டும் பூட்டியது. ஆட்டம் அட்டவணையிலிருந்தும் கூட்டத்தின் கண்ணிலிருந்தும் விலகிப்போக அதுவே போதுமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. பேசினால் பாதி மைதானம் விடுகிறார்கள். பாதி மைதானத்தில் பதினொரு பேர் ஆட்டத்தைப் பழக முடியாது என்பதை அவர்களுக்கு விளக்குவதுதான் கடினம்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. "இந்தப் பிள்ளைக்கு ஸ்டாமினா இல்லை" என்று நாம் ஒதுக்கும் பெண்ணுக்கு உண்மையில் இல்லாதது ரத்தம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கவைத்தாலே, சில மாதங்களில் இரண்டாம் பாதி ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். அடுத்தது மாதவிடாய். எங்கள் அணிக்குக் கறுப்புக் கால்சட்டை வாங்கச் சொன்னது நானல்ல. ஒரு தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளை மட்டும் வேண்டாம் டீச்சர், பிள்ளைக்கு ஓடவே மனசு வராது" என்றாள். இங்கிலாந்து தேசிய அணிப் பெண்கள் இதையே கேட்டு, 2023-ல்தான் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறினார்கள். மூட்டு இன்னொரு கவலை. முழங்காலின் முன்தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஃபிஃபா வகுத்த இருபது நிமிட முன்பயிற்சி ஒன்று இருக்கிறது: ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து மெதுவாக இறங்குவது, திசை மாறி ஓடுவது. அதைத் தவறாமல் செய்தால் காயம் கணிசமாகக் குறையும். கல்லும் கட்டாந்தரையுமான மைதானத்தில் அதைத் தவிர்க்கும் பயிற்சியாளரை என்னால் மதிக்க முடியாது.

இத்தனையும் செய்து முடித்தால், முதல் ஆட்டம்.

முதல் ஆட்டத்துக்குப் போகும் பெண்பிள்ளைகள் ஆடுவதற்கு முன்னால் பார்க்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு முழுதாகப் போட்ட மைதானம், வலை கட்டிய கோல் போஸ்ட், கறுப்புச் சட்டை ரெஃப்ரி, வரிசையாக நிற்கும் எதிரணி. முதல் பத்து நிமிடம் கண் நிறைய அதுதான். பிறகு குரல் பிரச்சினை. கால்பந்தில் வாய் பேசாவிட்டால் கால் பேசாது. பந்து வரும்போது கீப்பர் கத்த வேண்டும். தனக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாமல் நிற்பவளுக்கு, பக்கத்தில் இருப்பவள் "பின்னாடி ஆள்!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் போடாதே, மெல்லப் பேசு, சிரிக்காதே என்று பன்னிரண்டு வருஷம் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பயிற்சியில் எத்தனை தரம் கத்தச் சொன்னாலும் கூச்சத்தோடு ஒரு முனகல்தான் வரும். நிஜமான எதிராளி நிஜமாகப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்போதுதான் குரல் உடைந்து வெளியே வருகிறது. பெரும்பாலும் அது இரண்டாம் பாதியில் வரும். அதற்குள் இரண்டு கோல் வாங்கியிருப்போம்.

திரும்பும் பஸ்ஸில் அழுகை கொஞ்ச நேரம்தான். வீரபாண்டி தாண்டுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். "அந்த ஏழாம் நம்பருக்கு இடது கால் வரவே வராது டீச்சர், நாம அந்தப் பக்கமே விட்டிருக்கணும்." "நாங்க ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடிட்டோம்." "கார்னர் வந்தப்போ யாரும் யாரையும் பிடிக்கலை." நான் ஒரு மாதம் சொல்லிப் புரியாததை அந்த ஒரு மணி நேரம் புரியவைத்திருக்கும். இந்த மூளை விழித்துக்கொண்ட நிலையில் மறுவாரமே இன்னோர் ஆட்டம் கிடைத்தால், அந்தப் பிள்ளைகள் வேறோர் அணியாக இறங்குவார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த ஆட்டம் அடுத்த ஆடியில். அதற்குள் ஒருத்திக்கு வயது தாண்டிவிடும், ஒருத்தி மேல்நிலைக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள், ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பேசத் தொடங்குவார்கள். குழந்தைத் திருமணத்தை நிறுத்த அதிகாரிகள் இன்னும் வீடு வீடாகப் போகவேண்டியிருக்கும் மாவட்டம் இது. கற்றது கற்றவளோடு கலைந்து போகிறது. புதிய பிள்ளைகளோடு நான் மீண்டும் முதல் ஆட்டத்துக்குத் தயாராகிறேன்.

நாக்-அவுட் முறை பயிற்சியாளரையும் கெடுக்கிறது. பதினாறு பெண்கள் சட்டை மாட்டி வருவார்கள். தோற்றால் வீடு என்னும்போது யாருமே பலவீனமான பெண்ணை இறக்கமாட்டார்கள். அவள் முடியை இறுக்கிப் பின்னி, ஷின் பேட் கட்டி, கடைசிவரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருவாள். ஜூனிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்தவள் அவளாகவே இருப்பாள். சான்றிதழின் கனம் இதை இன்னும் இறுக்குகிறது. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. பெற்றோர் சான்றிதழ் கேட்பதில் தவறே இல்லை, காய் எடுக்கும் கூலியில் வளர்கிற பெண்ணுக்கு அது வாழ்க்கை. ஆனால் அந்த வாழ்க்கையை ஒரு மணி நேரத்தில் தீர்மானிக்கும்படி அமைத்துவிட்டு, கோட்டோரம் நின்று கத்தும் பி.டி. மாஸ்டரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

திறமை இல்லை என்று சொல்ல முடியாது. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள், எத்தனையோ முறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடி பட்டம். இடையில் 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக்கை வென்றது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய மதுரைக்கு அந்தக் கோப்பை வந்தது. பக்கத்து ஊர் அணி இந்தியாவையே வென்றது என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் நம்பாமல் பார்த்தார்கள்.

அந்த வெற்றிகளின் முகங்களைப் பார்த்தால் கடலூர் அடிக்கடி தென்படும். இந்துமதி கதிரேசன் அந்த மாவட்டத்துக்காரர், சந்தியா ரங்கநாதனும் அப்படியே. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் உருவான இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகமும், அங்கே பயிற்சி கொடுத்த மாரியப்பனும் கால்பந்து வட்டாரத்தில் தெரிந்த பெயர்கள். அங்கே என்ன மாயம் நடந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சாதாரணமானது. அதே பிள்ளைகள், அதே இடத்தில், வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடினார்கள். தோற்றாலும் அணி கலையவில்லை. ஆகவே அவர்களுக்கு இரண்டாவது ஆட்டமும் இருபதாவது ஆட்டமும் கிடைத்தன.

மேலே போனாலும் இதே பஞ்சம்தான். இந்திய மகளிர் லீக் என்று பெயர் இருந்ததே தவிர, 2017-ல் டெல்லியில் நடந்த முதல் இறுதிச் சுற்றில் ஆறு அணிகள் மட்டும். சேது வென்ற 2019 இறுதிச் சுற்றுகூட லூதியானாவில் ஒரே மாதத்துக்குள் முடிந்தது. சொந்த ஊரில் ஒன்று, எதிரூரில் ஒன்று என்று மாதக்கணக்கில் நடக்கும் நிஜமான லீக்காக அது மாறியது 2023 டிசம்பரில்தான். 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தபோது, நம் பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் திட்டக்கூடாது. எதிரே நின்றவர்கள் சின்ன வயதிலிருந்து வாராவாரம் ஆடி வளர்ந்தவர்கள். நம்மவர்கள் முகாமில் வளர்ந்தவர்கள். முகாம் உடம்பைத் தயார்செய்யும். தோற்று எழுந்து அடுத்த வாரம் ஆடும் பழக்கத்தை முகாம் தராது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்த இந்தியப் பெண்கள் அணியைப் பார்க்கும்போது, லீக் நடைமுறை மாறியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

வருஷம் தவறாமல் ஆட்டம் நடத்துவது தேனி மாவட்டத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. கோடையில் நாட்டின் பெரிய அணிகள் அந்தச் சின்ன ஊருக்கு வருகின்றன. ஊரே ஆட்டம் பார்க்க உட்காரும். ஓர் ஊர் ஓர் ஆட்டத்தை வருஷம் தவறாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது தன்னுடைய ஆட்டமாகிவிடுகிறது. கால்பந்துக்கும், அதுவும் பெண்பிள்ளைகளின் கால்பந்துக்கும், அந்தத் தொடர்ச்சிதான் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

நான் கேட்பது பெரிய கோப்பை அல்ல. பெரியகுளம், ஆண்டிபட்டி, தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். எட்டு ஊர், எட்டு அணி. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை மோதினால் மொத்தம் 28 ஆட்டங்கள். நாக்-அவுட்டில் ஒரே ஆட்டத்தோடு வீடு போயிருக்கும் பிள்ளைக்கு இங்கே ஏழு ஆட்டம். கடைசி இடத்தில் வந்தாலும் ஏழு. வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணை மூன்றாவது ஆட்டத்திலாவது இறக்கத் தைரியம் வரும். ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில்லை. பள்ளத்தாக்கின் நடுவே குமுளிச் சாலை பெரும்பாலான ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முழு அணியும் பந்துப் பையோடு ஏறி, ஒரு ரூபாய் செலவில்லாமல் பக்கத்து ஊருக்குப் போய் ஆடிவிட்டு வரலாம். அந்தப் பயணமே பாதிப் பிள்ளைகளுக்குப் புதிது. பந்து இருக்கிறது. சட்டை இருக்கிறது. ரெஃப்ரிக்கு, பள்ளி முடித்து கல்லூரியில் படிக்கும் பழைய ஆட்டக்காரப் பெண்களையே பழக்கலாம். அவர்களில் சிலர் என்னிடம் விசில் கேட்டு வந்திருக்கிறார்கள்.

குறுவட்டப் போட்டியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஆடியில் வரட்டும், காற்றோடு வரட்டும், சான்றிதழ் தரட்டும். அதற்குப் பக்கத்தில், வென்றவர் தோற்றவர் எல்லோரும் மறுவாரமும் ஆடும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஞாயிற்றுக்கிழமை. குறுவட்டப் போட்டி பள்ளி வேலைநாளில், வேறோர் ஊரில், காலையில் நடக்கும். அந்த நேரத்தில் தாய்மார் மலையில் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அணிப் பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூடத் தன் மகள் ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்த்ததில்லை. காயத்தைப் பார்த்திருக்கிறார்கள், கழற்றிப் போட்ட சேறு படிந்த ஸ்டட்ஸைக் கழுவியிருக்கிறார்கள், சான்றிதழை பீரோவில் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்த்ததில்லை. லீக் என்று வந்தால் ஏழில் மூன்றோ நான்கோ சொந்த ஊர் மைதானத்தில் நடக்கும். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வைத்தால், ஜீப் ஏறாத அந்த ஒரு நாளில் துணி துவைத்து முடித்துவிட்டு அவர்கள் வரலாம். மகள் வாய்விட்டுக் கத்துவதை அவர்கள் கேட்கட்டும்.

தை பிறந்ததும் தொடங்கினால் மாசிக்குள் முடித்துவிடலாம். காற்றும் இருக்காது, மழையும் விட்டிருக்கும். ஆனால் பொதுத்தேர்வு நெருங்கும் காலம் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில்தான் முதலில் தயங்குவார்கள். அந்த வீடுகளுக்கு இப்போதே போய்வரத் தொடங்கியிருக்கிறேன். சின்னமனூரிலும் கூடலூரிலும் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள் அணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் இன்னும் பேச வேண்டும்.